முதல் ஜேட் எந்தக் காலத்தது? புதிய கற்காலம், ஷாங்–ஹான், மிங்–சிங்: ஓர் ஒப்பீடு

கோலாலம்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் மூன்று சீன ஜேட் பொருள்களின் படங்கள் அனுப்பினார். முதல் படத்தில், ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லி விற்கப்படும், புதிய கற்கால ஹோங்ஷான் பண்பாட்டின் பன்றித்தலை டிராகன். இரண்டாவதில், இறந்தவரின் நாவின்மேல் வைக்க ஹான் வம்ச காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) செய்த சிள்வண்டு. மூன்றாவதில், பதினெட்டாம் நூற்றாண்டு இடைவார்க் கொக்கி. மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். மூன்றுக்கும் கேட்கும் விலையும் ஏறத்தாழ ஒன்றே. “எதை வாங்கட்டும்?” என்பது அவருடைய கேள்வி. சீன ஜேட் சேகரிக்கத் தொடங்கும் எவரும் இந்த முச்சந்தியில் வந்து நிற்கத்தான் வேண்டும். அதனால் அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

ஒரு சொல் விளக்கம். நம் நாளிதழ்கள் ஜேட்டை மரகதம் என்றும் பச்சைக்கல் என்றும் எழுதிவிடுகின்றன. மரகதம் முற்றிலும் வேறு கனிமம். பச்சைக்கல் என்பதும் பொருந்தாது. சீனர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியது ஆட்டுக்கொழுப்பின் நிறம் கொண்ட வெள்ளை ஜேட்டைத்தான். எனவே ஜேட் என்றே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன். கல் சொல்லப்படும் கல்தானா? வேலைப்பாடு சொல்லப்படும் காலத்ததுதானா? இதுவரை யார் யார் கையில் இருந்தது, அதற்கு எழுத்துச் சான்று உண்டா? வாங்குவதும் நாடு விட்டு நாடு கொண்டுபோவதும் சட்டப்படி சரியா? விலைக்கு மேல் இன்னும் என்ன செலவாகும், நாளை விற்க நேர்ந்தால் வாங்க ஆள் இருக்குமா?

முதல் கேள்விக்கு விடை காண்பது எளிது. இரண்டாவதுதான் பலரின் பணத்தை விழுங்கியிருக்கிறது. அதனால் மூன்று காலங்களையும் ஒப்பிடுவதற்கு முன் அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

## கல்லைச் சோதிக்கலாம், காலத்தை அல்ல

ஜேட் என்ற ஒரே பெயருக்குள் நெஃப்ரைட், ஜேடைட் என்று இரண்டு கனிமங்கள் இருக்கின்றன. இவை வெவ்வேறு என்று பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி டமூர் 1863இல் நிறுவினார். பழஞ்சீனத்தின் ஜேட் நெஃப்ரைட்தான். பர்மாவின் ஜேடைட் சீனப் பட்டறைகளுக்குப் பெருமளவில் வரத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டில். ஆகவே பளபளக்கும் ஜேடைட்டில் செய்த ஒன்றை யாராவது ஹான் காலத்தது என்று நீட்டினால், அதற்குமேல் பேச எதுவும் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுச் சந்தை ஒன்றில் நானும் ஒரு பன்றித்தலை டிராகன் வாங்கினேன். மண்ணின் காவி நிறம், உருண்ட கண்கள், முதுகில் கயிறு கோக்க ஒரு துளை. பார்த்த கணத்தில் மனம் பறிபோனது. வீட்டுக்கு வந்து மின்னணுத் தராசில் நிறுத்தேன்: 62.4 கிராம். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். பொம்மையை நூலில் கட்டி, தம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 24.2 காட்டியது. 62.4ஐ 24.2ஆல் வகுத்தால் 2.58. இந்த எண்தான் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு நீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. நெஃப்ரைட்டுக்கு அது 2.9 முதல் 3.1 வரை, ஜேடைட்டுக்கு 3.3 அளவில். 2.58 என்பது செர்ப்பென்டைன் என்ற மென்மையான கல்லின் எண். துளையின் உட்புறத்தில் பேனாக்கத்தி நுனியை வைத்து அழுத்தினேன், கோடு விழுந்தது. நெஃப்ரைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரை, சாதாரணக் கத்திக்கு அது மசியாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனதைவிட, பார்த்தவுடன் நம்பிவிட்டேனே என்பதுதான் உறுத்தியது.

இதைப் படித்துவிட்டு யாரும் கத்தியை எடுத்துவிட வேண்டாம். உண்மையான பழம்பொருளில் கீறிப் பார்ப்பது பாவம். இன்னொன்றும் உண்டு. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்த நெஃப்ரைட் சில இடங்களில் சிதைந்து வெளுத்துப்போகும். சீனர்கள் அதைக் கோழியெலும்பு வெள்ளை என்பார்கள். அப்படி வெளுத்த பகுதியில் அடர்த்தியும் குறையும், கடினமும் குறையும். உண்மையான பொருளே தராசுச் சோதனையில் தோற்றுவிடலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல், சோதனையில் தேறிய கல்லும் எதையும் நிரூபிக்காது என்பது. நெஃப்ரைட் மலையில் உருவான காலம் வேறு, மனிதன் அதைத் தேய்த்த காலம் வேறு. ஷாங் அரசி அணிந்த கல்லுக்கும் போன வருடம் பட்டறையில் முடித்த கல்லுக்கும் கனிம அமைப்பில் வேறுபாடு இல்லை. கார்பன் காலக்கணிப்புக்கு உயிர்ப்பொருள் வேண்டும். ஜேட்டில் அது கிடையாது. சுட்ட மண்பாண்டத்தின் வயதைச் சொல்லும் வெப்ப ஒளிர்வுச் சோதனை, சுடாத கல்லுக்கு உதவாது. ஒளியைப் பாய்ச்சிக் கனிமத்தை அடையாளம் காணும் ராமன் நிறமாலைமானி தரும் அறிக்கை எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், “இது நெஃப்ரைட்” என்ற ஒரு வரிக்கு மேல் அதில் சான்று இல்லை. “ஆய்வகச் சான்றிதழ் உண்டு” என்று விற்பவர் சொன்னால், எதற்கான சான்றிதழ் என்று கேளுங்கள்.

காலத்தைப் பற்றி ஓரளவாவது பேசக்கூடியவை கருவித் தடங்கள்தான். ஜேட்டை உளியால் செதுக்க முடியாது. அதன் இழைகள் கம்பளி போல ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் கல் பெயர்ந்து வராது. மணலும் நீரும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருக்கொண்டுவர வேண்டும். கயிற்றால் அறுத்தால் வளைந்த வரித்தடம் விழும். மூங்கில் போன்ற உட்குழாயால் இரு பக்கமும் துளைத்தால் நடுவில் சந்திக்கும் இடத்தில் சிறு படி தெரியும். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வாளர்கள் இந்தத் தடங்களைச் சிலிக்கோன் அச்சில் எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். வைரத்தூள் பதித்த மின்கருவி விடும் தடம் பழைய தடங்களிலிருந்து வேறுபடுவதை அங்கே காணலாம். நம் கையில் இருப்பது பத்து மடங்கு லென்ஸும் ஒரு சிறிய டார்ச்சும்தான். அவையே நிறையக் காட்டும். ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

## புதிய கற்காலம்: ஹோங்ஷான், லியாங்சு

மூன்றிலும் என் மனம் அதிகம் ஏங்குவது இதற்குத்தான். இன்றைய லியாவ்னிங், உள்மங்கோலியா பகுதிகளில் ஹோங்ஷான் பண்பாடு. தெற்கே செஜியாங் பகுதியில் கி.மு. 3300 முதல் 2300 வரை லியாங்சு. உலோகக் கருவி இல்லாத மனிதர்கள், ஒரு மில்லிமீட்டருக்குள் பல கோடுகள் அடங்கும் நுட்பத்தோடு முகங்களைக் கீறியிருக்கிறார்கள். 1986இல் ஃபான்ஷான் கல்லறையில் கிடைத்த பெரிய ‘சொங்’, அதாவது வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமான குழாய், 6.5 கிலோ எடை. லென்ஸில் பார்த்தால் லியாங்சுவின் கோடு ஒரே இழுப்பில் வந்திருக்காது. குறுகிய கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர்ந்து, ஓரங்கள் பிசிறுபிசிறாக இருக்கும். கூர்மையான கல்லைப் பிடித்து ஒருவர் மூச்சை அடக்கிக் கீறியது கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் காலத்தை உறுதிசெய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட சிங் வம்சத்து சியென்லோங் பேரரசரைவிட நல்ல சாட்சி இல்லை. அவ்வளவு பெரிய தொகுப்பு வைத்திருந்தவர், பழைய சொங்குகளை வண்டிக் கழியின் முனைப்பூண் என்று எண்ணினார். சிலவற்றில் தம் கவிதையையும் பொறித்து வைத்தார். பின்வந்த அறிஞர்களும் அவற்றை மிகப் பிந்தைய சோ, ஹான் வம்சங்களின் காலத்தவை என்றே கருதினர். 1973இல் ஜியாங்சுவின் சாவ்சியேஷானில் லியாங்சு கல்லறை ஒன்றிலிருந்து சொங் கிடைத்த பிறகுதான் உண்மையான காலம் தெளிந்தது. கல்லைப் பார்த்து அறிய முடியாததை அது கிடந்த மண்தான் சொன்னது. சந்தைக்கு வரும் பொருளுக்கு அந்த மண்ணே இல்லை.

ஹோங்ஷான் நிலைமை இன்னும் மோசம். முறையான அகழாய்வில் கிடைத்தவை மிகக் குறைவு. 1971இல் உள்மங்கோலியக் கிராமம் ஒன்றில் விவசாயி கண்டெடுத்த, 26 செ.மீ. உயரமுள்ள வளைந்த டிராகன் புகழ்பெற்ற பிறகு, அதே உருவில் எண்ணற்ற பொருள்கள் சந்தையில் குவிந்தன. போலி செய்பவர்கள் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள், நெருப்பில் வாட்டுகிறார்கள், சாயம் ஏற்றுகிறார்கள். ஆட்டின் காலைக் கீறி, ஜேட்டை உள்ளே வைத்துத் தைத்து, ஆண்டுகள் கழித்து எடுத்தால் இரத்தக்கறை ஏறும் என்று பழைய சீனச் சேகரிப்பாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். உண்மையான மண்கறை கல்லின் பலவீனமான இடம் பார்த்து உள்ளே இறங்கும். வேலைப்பாட்டின் கோட்டை அது மதிக்காது. ஏற்றிய சாயம் பெரும்பாலும் விரிசலிலும் பள்ளத்திலும்தான் போய்த் தேங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

சட்டமும் இங்கேதான் மிகக் கடுமை. சீனாவில் மண்ணுக்கடியில் கிடைப்பது அரசின் சொத்து. அண்மையில் தோண்டி வெளியே கடத்தியதாக இருந்தால், பொருள் எவ்வளவு உண்மையானதோ அவ்வளவு குற்றம். போலி என்றால் பணம் போகும், அசல் என்றால் மானம் போகும்.

யாருக்கு ஏற்றது: பல பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்லும் ஆவணத்தோடு, அறியப்பட்ட தொகுப்பிலிருந்து வரும் பொருளுக்கு உரிய விலை கொடுக்கக் கூடியவருக்கு. மற்றவர்கள் அருங்காட்சியகத்தில் பார்த்து மகிழலாம். லியாங்சுவில் அந்தப் பண்பாட்டுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டனுக்குப் போகிறவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் சர் ஜோசப் ஹோட்டுங் தொகுத்த ஜேட்களைப் பாருங்கள்.

## ஷாங் முதல் ஹான் வரை

ஷாங் வம்சம் தொடங்கிய கி.மு. 16ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்து ஹான் வம்சம் முடிந்த கி.பி. 220 வரையிலான காலம் இது. இங்கே ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அடித்தளம் இருக்கிறது. 1976இல் அன்யாங்கில் திறந்த, ஷாங் அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் மட்டும் 755 ஜேட்கள். அவற்றுள் சில அவள் காலத்துக்கே பழம்பொருள்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருத்தி பழைய ஜேட்களைத் தன்னோடு வைத்திருந்தாள் என்று நினைக்கையில் எனக்கு உள்ளம் நெகிழும். 1968இல் மான்செங்கில் கிடைத்த இளவரசர் லியூ ஷெங்கின் ஜேட் உடையில் 2,498 வில்லைகள், கோத்தது பொன்கம்பி. இவையெல்லாம் மண்ணிலிருந்து முறையாக எடுத்தவை. ஆதலால், கைக்கு வந்த பொருளின் உருவத்தையும் வெட்டையும் இவற்றோடு வைத்துப் பார்க்கலாம்.

தொடங்குபவருக்கு எட்டக்கூடியது சிள்வண்டு. மண்ணுக்கடியில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வெளிவரும் பூச்சி என்பதால் மறுபிறப்பின் அடையாளம். நல்ல ஹான் வேலையில் சில நேரான வெட்டுகள்தான் இருக்கும். இறக்கை, கழுத்து, கண் எல்லாம் அந்த சில வெட்டுகளிலேயே பிறந்துவிடும். இடையில் உள்ள பரப்பு கண்ணாடிபோல் சமமாக மெருகேறியிருக்கும். ஆனால் இந்த எளிமையே போலிக்கும் வசதி. வெட்டு குறைவாக இருந்தால் ஏமாற்ற வேண்டிய இடமும் குறைவு.

நிபுணரின் சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2011ஆம் ஆண்டு இரண்டு பாடங்கள் தந்தது. ஹான் காலத்தது என்று சொல்லி பெய்ஜிங்கில் ஏலம் விட்ட ஜேட் ஒப்பனை மேசையும் இருக்கையும் 22 கோடி யுவானுக்குப் போயின. ஹான் மக்கள் தரையில் பாய் விரித்து அமர்ந்தவர்கள் ஆயிற்றே, இருக்கை எப்படி வந்தது என்று கேள்வி எழுந்தது. அது ஜியாங்சு மாநிலத்தின் பிசோவில் 2010 வாக்கில் செய்த புதுப்பொருள் என்பது வெளியே வந்தது. அதே ஆண்டு இன்னொரு வழக்கும் அம்பலமானது. தொழிலதிபர் ஒருவர் போலி ஜேட் உடைக்கு 240 கோடி யுவான் என்று பெயர்பெற்ற நிபுணர்களிடம் மதிப்பீடு வாங்கி, அதைக் காட்டி வங்கிக் கடன் எடுத்திருந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறக்காமலே மதிப்பிட்டார்கள் என்று செய்தி வந்தது. முதல் மோசடியைக் கண்டுபிடிக்க உதவியது இரசாயனம் அல்ல, அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி உட்கார்ந்தார்கள் என்ற சாதாரண அறிவு என்பதைக் கவனியுங்கள்.

சட்டத்தில் கவனிக்க வேண்டிய தேதி 2009 ஜனவரி 14. பழைய கற்காலம் தொட்டுத் தாங் வம்ச முடிவு (கி.பி. 907) வரையிலான சீனத் தொல்பொருள்களை இறக்குமதி செய்ய அமெரிக்கா அன்றுதான் கட்டுப்பாடு விதிக்க ஒப்புக்கொண்டது; பின்னர் அது புதுப்பிக்கப்பட்டும் வருகிறது. அருங்காட்சியகங்கள், பண்பாட்டுப் பொருள்களின் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கையின் ஆண்டான 1970ஐ எல்லையாகப் பார்க்கின்றன. அந்த ஆண்டுக்கு முன்பே சீனாவுக்கு வெளியே இருந்ததற்குத் தாள் இருந்தால், விலை ஒரு படி. இல்லாவிட்டால் வேறொரு படி. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது பொய்யான உடைமைத் தாள்களை நம்பித்தான். 2014இல் சிலை இந்தியா திரும்பியது. பெரிய நிறுவனமே அப்படி ஏமாறும்போது, தாளின் நகலைப் பார்த்தவுடன் நிம்மதி அடைய வேண்டாம். தாளில் உள்ள பொருளும் கையில் உள்ள பொருளும் ஒன்றுதானா என்று முறிவு, கறை, நரம்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

யாருக்கு ஏற்றது: இரண்டு மூன்று ஆண்டுகள் பார்த்துப் பழகியவருக்கு, பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு பதிவான சிறு பொருள் கிடைக்கும்போது.

## மிங், சிங்

பதினான்காம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆண்ட கடைசி இரு வம்சங்கள் இவை. முதல் பொருளாக நான் பரிந்துரைப்பது இந்தக் காலம். காரணம் எளிது. இவை பெரும்பாலும் கல்லறைப் பொருள்கள் அல்ல. வீட்டில், எழுத்து மேசையில், இடுப்பில் புழங்கியவை. ஏராளமாகச் செய்தார்கள், ஏராளமாக வெளிநாடுகளுக்குப் போயின. ஆகவே நூறாண்டுகளாகச் சீனாவுக்கு வெளியே இருப்பதற்கான ரசீதும் ஒட்டுச்சீட்டும் கிடைக்க வாய்ப்பு அதிகம். 1759இல் சிங் படைகள் ஷின்ஜியாங்கைக் கைப்பற்றிய பிறகு அங்குள்ள கோதான் ஆறுகளின் வெள்ளை நெஃப்ரைட் அரண்மனைக்குத் தங்குதடையின்றி வந்தது. பெருமைக்குரிய வேலைகள் அதற்குப் பிறகுதான் குவிந்தன.

சியென்லோங் முகலாய இந்திய ஜேட்கள்மீது உயிரையே வைத்திருந்தார், கவிதையும் எழுதினார். இதழ்போல மெலிந்த சுவர்கொண்ட அந்தக் கிண்ணங்களைப் பார்த்துச் சீனக் கைவினைஞர்களும் செய்தார்கள். இந்தியச் சேகரிப்பாளர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய கிளை இது.

இங்கும் வலை உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் சூசோ கைவினைஞர் லூ ட்சுகாங்கின் பெயர் பொறித்த பதக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பெரும்பாலானவை பிற்காலத்தவை. பெயரைச் சான்றாக எடுக்கவே கூடாது. வேலைப்பாட்டின் மறைவான இடங்களைப் பாருங்கள். கொக்கியின் தண்டின்மேல் ஊர்ந்து தலைதூக்கும் குட்டி டிராகனின் வயிற்றுக்கும் தண்டுக்கும் இடையே ஒரு சந்து இருக்கும். சிங் காலத்து நல்ல வேலையில் அந்த இடுக்கையும் பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். அவசரமாக மின்கருவியில் செய்ததில் அங்கே ஒரேமாதிரியான கூர்மையான பள்ளங்கள் தெரியும். கல்லும் பேசும்: சீனாவின் சிங்ஹாய் மாநிலத்திலிருந்து வரும், நீர்போல ஊடுருவித் தெரியும் வெள்ளை நெஃப்ரைட் சந்தைக்குப் பெருமளவில் வந்தது 1990களில்தான். அந்தக் கல்லில் செய்ததை சியென்லோங் காலத்தது என்றால் சந்தேகப்படுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு காலங்களின் ஆழ்ந்த மௌனம் இதில் கிடைக்காது. அழகு நிறைய, மர்மம் குறைவு.

யாருக்கு ஏற்றது: ஏறத்தாழ எல்லாத் தொடக்கக்காரருக்கும், பின்னாளில் விற்க நேரலாம் என்று நினைப்பவருக்கும்.

## விலைச்சீட்டில் தெரியாத செலவு

ஏலத்தில் சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணமாக நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சேரலாம். அதன்மேல் வரி, காப்பீடு, அனுப்பும் செலவு. ஆனால் பெரிய ஏல நிறுவனங்கள் போலி என்று நிரூபணமானால் பணத்தைத் திருப்பித் தரக் கால வரம்போடு உறுதி தருகின்றன. அந்தக் கட்டணத்தை இதற்கான விலை என்று எண்ணலாம். தனி வணிகரிடம் விலை கூடுதலாக இருக்கும். நல்ல வணிகர் என்றால் எழுத்தில் உறுதி தருவார், பின்னாளில் அவரே திரும்ப வாங்கவும் கூடும். சந்தையிலும் இணையத்திலும் கட்டணம் இல்லை, உறுதியும் இல்லை.

சீனாவிலிருந்தே வாங்கிக் கொண்டுவரலாம் என்று எண்ணுபவர்களுக்கு: 1911க்கு முந்தைய பழம்பொருளை வெளியே எடுத்துச்செல்ல அங்கே 2007 முதல் தடை இருக்கிறது. மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு செலவு: 1972 தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. லண்டனிலோ ஹாங்காங்கிலோ வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தால், விற்பதற்கு அதை மீண்டும் அனுப்புவது பெரும்பாடு. வாங்கும் முன்பே சுங்கச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏலத்துக்கு முந்தைய காட்சி நாட்களுக்குப் பணம் கிடையாது. கேட்டால் பொருளைக் கையில் தருவார்கள். ஜேட்டின் கனமும் குளிர்ச்சியும் கைக்குப் பழகுவது அங்கேதான். வாங்காமலே பத்து ஏலங்கள் போய்வந்த ஒருவர் சான்றிதழ்களை அடுக்கி வைத்திருப்பவரைவிடத் தெளிவாகப் பார்ப்பார்.

நண்பரிடம் மூன்று விற்பனையாளருக்கும் ஒரே கடிதம் எழுதச் சொன்னேன்: இதற்கு முன் யாரிடம் இருந்தது, அதற்கு என்ன தாள், போலியானால் எழுத்தில் என்ன உறுதி? பன்றித்தலை டிராகனை விற்பவர் பதில் எழுதவில்லை. கொக்கியை விற்பவர் 1960களின் கடை ரசீதை அனுப்பினார். கேட்ட உறுதியையும் தந்தார். நான் எதிர்பார்க்காதது சிள்வண்டுக்கு வந்த பதில்தான். 1969ஆம் ஆண்டு ஐரோப்பிய ஏலப் பட்டியலின் ஒரு பக்கம், கறுப்பு வெள்ளைப் படத்தோடு. படத்தில் இடது இறக்கையின் நுனியில் சிறு முறிவு தெரிகிறது. விற்பனைக்கு இருக்கும் பொருளில் அதே முறிவு அதே கோணத்தில் இருக்கிறதா என்று பார்க்க, அடுத்த சனிக்கிழமை லென்ஸோடு போகிறோம். இருந்தால் சிள்வண்டு, இல்லாவிட்டால் கொக்கி.